இரு மின்சாரங்களுக்கு ஒரே வாயில்

(எமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



இம்மேடையிலே இலக்கியம் பேசுவார் வருவர். சமயம் பேசுவார் வருவர். இம்முறை எம்மை அழைத்த செயலாளர், வீட்டுக்கு உதவும் ஒரு விஷயத்தைப் பேசுமாறு கேட்டுக்கொண்டார். நாமும் இசைந்தோம். மின்பிறப்பாக்கியை, அதாவது நம்மவர் ஜெனரேட்டர் என்று வழங்கும் எஞ்சினை, வீட்டு மின்னிணைப்போடு சேர்ப்பது எப்படி என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். பொருள் சிறிதுதான். ஆயினும் அதிலே ஓர் உயிர் தங்கியிருக்கிறது. அதுவும் பெரும்பாலும் நமது உயிரன்று, வேறொருவருடையது. அதனாலேயே இதனை மேடையிற் பேசத் துணிந்தோம்.

நமது றக்வானை மலையும் மழையும் சேர்ந்த ஊர். தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கினால் மரம் சாயும், மண் சரியும், கம்பி அறும். 2003-ஆம் ஆண்டு மே மாதத்திலும் 2017-ஆம் ஆண்டு மே மாதத்திலும் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பட்ட துன்பத்தை இங்குள்ளோர் எவரும் மறந்திலர். அது வானம் தந்த இருள். நாடு முழுவதற்கும் ஒருங்கே வந்த இருளும் உண்டு. 2016-ஆம் ஆண்டு மார்ச் 13, 2020-ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17, 2023-ஆம் ஆண்டு டிசெம்பர் 9, 2025-ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆகிய நாட்களில் இலங்கை முழுவதும் விளக்கணைந்தது. இவற்றுட் கடைசியானது பாணந்துறை உபமின் நிலையத்திலே ஒரு குரங்கு பட்டதனால் நேர்ந்தது என்று சொல்லப்பட்டபோது நாடே சிரித்தது. ஆனால் 2022-ஆம் ஆண்டில் எவரும் சிரிக்கவில்லை. எரிபொருள் வாங்க நாட்டில் அந்நியச் செலாவணி இல்லாமற் போய், மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டதே, அதுதான் நம்மிற் பலரை எஞ்சின் வாங்கச் செய்தது.

எஞ்சின் நம்மவர்க்குப் புதிதன்று. 1950-ஆம் ஆண்டிலே லக்சபானையில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிப் பொது மின்சாரம் மலைநாட்டிற் பரவுவதற்கு நெடுங்காலம் முன்னரே தேயிலைத் தொழிற்சாலைகள் சொந்த நீர்ச்சக்கரத்தாலும் எண்ணெய் எஞ்சினாலும் ஓடின. தொழிற்சாலையில் எஞ்சினுக்கென ஒருவர் இருந்தார். அவரன்றி வேறொருவர் அதிற் கைவைக்க மாட்டார். லயத்திலோ குப்பி விளக்குத்தான். இன்று நிலைமை மாறிவிட்டது. எஞ்சின் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது; எஞ்சினுக்கென்று இருந்த அந்த மனிதர்தாம் கூட வரவில்லை.

இனி ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளல் வேண்டும். அது எமது குற்றமே.

2022-ஆம் ஆண்டிலே நாமும் ஒரு சிறு பெற்றோல் எஞ்சின் வாங்கினோம். அதனை வீட்டோடு இணைக்க நாம் கண்ட வழி, ஊரில் அப்பொழுது பலர் கண்ட வழியே. ஒரு வயரின் இரு முனையிலும் பிளக் பூட்டினோம். ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைச் சுவரிலுள்ள செருகியிலும் செருகினோம். வீடு முழுவதும் விளக்கெரிந்தது. எமது கெட்டித்தனத்தை நாமே மெச்சிக்கொண்டோம். முன்னதாக மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும் என்பது எமக்குத் தெரியும், அணைத்தே வந்தோம். அடுத்த ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் மாலை மறந்துவிட்டோம்.

அன்று நமது வீட்டுக்கு இரண்டு கம்பம் அப்பால் ஒரு மரம் விழுந்து கம்பி அறுந்திருந்தது. அறுந்த கம்பியின் இப்பக்கத்தில் இருந்தவை எமது வீடும் இன்னொரு வீடுமே. ஆதலால் எமது எஞ்சினுக்குச் சுமை அதிகமில்லை. அது சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரம் வீட்டுக்குள் மட்டும் நில்லாமல் மானியைக் கடந்து, கம்பத்தை அடைந்து, அறுந்து தொங்கிய கம்பியின் நுனியிலும் காத்திருந்தது. அக்கம்பியைப் பிணைக்க ஓர் இளைஞர் கம்பத்தில் ஏறினார்.

சிறிது நேரத்தில் அவர் எமது வாசலில் நின்றார். சத்தமிடவில்லை. எஞ்சினைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், பிறகு சொன்னார்: "ஐயா, தொடுறதுக்கு முந்தி டெஸ்டர வச்சிப் பாத்தேன். அதனாலதான் இப்ப ஒங்களோட பேசிக்கிட்டு நிக்கிறேன்."

எமக்கு மறுமொழி வரவில்லை. இன்றும் வருவதில்லை. இப்பேச்சையே அத்தம்பிக்கு நாம் சொல்லும் மறுமொழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இது எப்படி நேர்கிறது? நமது வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று. அது வீதியோரத்து மின்மாற்றியிலிருந்து வருகிறது. மின்மாற்றிக்கு மேற்புறமாக வருவது பெரும்பாலும் 33,000 வோல்ற்று அல்லது 11,000 வோல்ற்று. மின்மாற்றி ஒரு நெம்புகோல் போன்றது. மேலிருந்து கீழே இறக்குவதே அதன் தொழிலாயினும், கீழிருந்து மின்சாரம் புகுந்தால் அதே அளவிற் பெருக்கி மேலே ஏற்றிவிடும். 33,000 வோல்ற்றை 400 வோல்ற்றாக இறக்கும் மின்மாற்றி, பின்வழியே வருவதை 82 மடங்குக்குமேற் பெருக்கும். ஆகவே நமது திண்ணையில் ஓடும் சிற்றெஞ்சின், ஒரு மைல் அப்பால் உயரழுத்தக் கம்பியைத் தொடும் மனிதனைக் கொல்ல வல்லது. அயல் வீடுகள் எல்லாம் அதே கம்பியில் இருந்தால் அச்சுமை தாங்காமல் எஞ்சின் நின்றுவிடும் என்பர் சிலர். பலமுறை அவ்வாறே நிகழும். எமது வீட்டிலே அன்று நிகழவில்லை. ஒருவன் உயிரை "பலமுறை" என்ற சொல்லிலே தொங்கவிடல் ஆகாது.

வேறு தீங்கும் உண்டு. மெயின் சுவிட்ச் திறந்தபடி எஞ்சின் ஓடும்போது பொது மின்சாரம் திடீரெனத் திரும்பினால் இரண்டும் மோதும். மோதலில் தோற்பது எஞ்சினே. அது எரியும், வீடும் எரியலாம். இருபுறமும் பிளக் உள்ள வயரோ இன்னும் கொடியது. ஒரு முனையைச் செருகியவுடன் மறுமுனையின் பித்தளை முள் வெளியே உயிரோடு நிற்கும். அதைத் தொடப்போவது குழந்தையாகவும் இருக்கலாம்.

ஆகவே விதி ஒன்றே: ஒரு வீட்டில் இரு மின்சாரங்களும் ஒருபொழுதும் சந்திக்கக் கூடாது. அதைக் காப்பது நமது ஞாபகமாக இருத்தலும் கூடாது. இரும்பாலும் செம்பாலும் ஆன ஒரு பொறியாக இருத்தல் வேண்டும். மனிதன் களைப்படைவான், அவசரப்படுவான், மறப்பான். பொறி மறவாது.

அப்பொறிதான் மாற்றுச் சுவிட்ச்; கடையிலே சேஞ்ச் ஓவர் என்று கேட்டால் தருவார்கள். அதற்கு மூன்று நிலைகள் உண்டு. ஒரு பக்கம் பொது மின்சாரம், மறுபக்கம் எஞ்சின், நடுவிலே இரண்டும் இல்லாத வெறுநிலை. கைப்பிடி ஒன்றே ஆதலால் இரு பக்கமும் ஒருசேர நிற்க முடியாது. ஒரே கதவு ஒரே நேரத்தில் இரண்டு வாயில்களை மூட முடியாததுபோல, இஃது ஒரே நேரத்தில் இரண்டைத் திறக்க முடியாதது.

இதனை வாங்கும்போது இரண்டு கவனம் வேண்டும். முதலாவது, ஒற்றை முனைச் சுவிட்ச் போதாது. உயிர்க்கம்பி, நொதுமற் கம்பி இரண்டையும் சேர்த்து மாற்றும் இரட்டை முனைச் சுவிட்சே வேண்டும். நியூட்ரல்தானே என்று நொதுமற் கம்பியை இணைந்தபடி விட்டால், எஞ்சினின் மின்சாரம் அவ்வழியே வெளியே போக இடமுண்டு. இரண்டாவது, நமது வீடுகளுக்குப் பெரும்பாலும் 30 அம்பியர் இணைப்பே உள்ளது. வீடு முழுவதற்கும் பூட்டும் சுவிட்ச் அதனைத் தாங்க வேண்டும். 40 அம்பியருக்குக் குறையாமல் வாங்குக. எஞ்சின் சிறியது என்று சிறிய சுவிட்ச் வாங்கினால், எஞ்சின் ஓடாத நாளில் அது சூடேறி உருகும்.

அது அமையவேண்டிய இடம், மெயின் சுவிட்சுக்கும் ட்ரிப் சுவிட்சுக்கும் இடையே. அப்பொழுதுதான் எந்த மின்சாரம் வந்தாலும் அது ட்ரிப் சுவிட்சைக் கடந்தே வீட்டுக்குட் செல்லும். மானிக்கும் அதன் முத்திரைக்கும் அருகே எவரும் கைவைத்தல் ஆகாது. அது நமது உடைமையன்று. எஞ்சினிலிருந்து வரும் வயரை முள் வெளியே தெரியாத வகையில், வெளிச்சுவரிற் பூட்டிய ஒரு மூடிய இணைப்பியிற் செருக வேண்டும். சிற்றெஞ்சினுக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் மூன்றிழை வயர் போதும். இவ்வேலையை நாமே செய்யலாகாது. தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற்ற மின்னிணைப்பாளரை அழைத்துச் செய்விக்க வேண்டும். மின் விநியோக அலுவலகத்துக்கும் அறிவித்தல் வேண்டும். இந்நாட்டு வீட்டு மின்னிணைப்புகள் பிரித்தானிய பீ.எஸ். 7671 விதிகளைத் தழுவியவை. அவ்விதிகளை அறிந்தவர் கையிலேயே இஃது இருக்கட்டும்.

இங்கே மின்னிணைப்பாளரும் சிலவேளை தவறும் ஓர் இடம் உண்டு. ட்ரிப் சுவிட்ச் நம்மைக் காப்பது எப்படி? போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் ஒத்திருக்கின்றனவா என்று அது பார்க்கிறது. ஒருவர் உடல்வழியே சிறிது மண்ணுக்கு ஒழுகினாலும் கணக்குப் பிழைக்கும், உடனே அறுத்துவிடும். வீடுகளில் 30 மில்லி அம்பியர் ஒழுகினால் அறுப்பதே வழக்கம். ஆனால் சிறு எஞ்சின்கள் பலவற்றில் நொதுமற் கம்பி மண்ணோடு தொடர்பின்றித் தனித்தே நிற்கிறது. அப்பொழுது முதற் பழுது நேர்ந்தாலும் ஒழுகும் மின்சாரத்துக்கு எஞ்சினுக்குத் திரும்ப வழியில்லை. ட்ரிப் சுவிட்ச் அறியாது. பழுது மறைந்தே கிடக்கும். இரண்டாம் பழுது வரும்போது அது உயிருக்கு ஆபத்து. ஆதலால் எஞ்சின் பக்கத்திலேயே, அதாவது ட்ரிப் சுவிட்சுக்கு முன்பாகவே, எஞ்சினின் நொதுமற் கம்பியையும் சட்டத்தையும் மண்ணில் அடித்த புவிக்கோலோடு இணைக்க வேண்டுமா என்பதை மின்னிணைப்பாளர் எஞ்சினின் கைநூலைப் பார்த்து முடிவுசெய்தல் வேண்டும். ட்ரிப் சுவிட்சிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினோம், அறுத்தது, ஆகவே எல்லாம் சரி என்று எண்ண வேண்டாம். அப்பொத்தான் மண்ணின் துணையின்றியே வேலை செய்வது. புவித்தொடுப்பு நன்றென்பதற்கு அது சாட்சியாகாது. அதனைக் கருவி வைத்தே அளத்தல் வேண்டும்.

அடுத்தது கணக்கு. 2 கே.வீ.ஏ. என்று எழுதிய எஞ்சினை எடுத்துக்கொள்வோம். சக்திக் காரணி 0.8 எனில் அது தரவல்லது 1,600 வாற்று. 9 வாற்று எல்.ஈ.டி. குமிழ்கள் எட்டு 72 வாற்று. 60 வாற்று விசிறிகள் இரண்டு 120. தொலைக்காட்சி 80. கைத்தொலைபேசிகளுக்கு 30. இவை 302 வாற்று. குளிர்சாதனப் பெட்டி ஓடும்போது 150 வாற்றுத்தான். ஆனால் தொடங்கும் கணத்திலே அதுபோற் பல மடங்கு கேட்கும். ஆறு மடங்கு என்று வைத்தால் 900. இரண்டும் சேர்ந்து 1,202, எஞ்சின் தாங்கும். இதனிடையே 700 வாற்றுச் சோற்றுப் பானையை வைத்தால் 1,902, தாங்காது. 2,000 வாற்றுக் கேத்தலோ தனியே வந்தாலும் தாங்காது. எஞ்சினுக்கு எது, அடுப்புக்கு எது என்பதை வீட்டுத் தாய்மார் முன்கூட்டியே பிரித்து வைத்தல் நன்று.

இத்தனை செலவு செய்ய எல்லாராலும் இயலுமா என்று கேட்பீர்கள். இயலாதவர்க்கு இன்னும் நல்ல வழி ஒன்றுண்டு: இணைக்காமலே இருப்பது. எஞ்சினிலிருந்து ஒரு தடித்த நீட்சி வயரை இழுத்து, ஒரு விளக்கையும் ஒரு பெட்டியையும் நேரே அதிற் செருகுங்கள். வீட்டு மின்னிணைப்போடு தொடர்பே இல்லை. ஆதலின் கம்பத்தில் நிற்பவர்க்கும் அச்சமில்லை. கோயில் திருவிழாவுக்கு வாடகை எஞ்சின் கொண்டுவந்து பந்தல் விளக்குகளைத் தனியே எரிப்பதும் இவ்வகையே. கோயிலின் சொந்த மின்னிணைப்போடு அதனைக் கலக்காதவரை பழுதில்லை.

இணைத்தவர்கள் ஓர் ஒழுங்கைக் கைக்கொள்ள வேண்டும். மின்சாரம் நின்றதும் மாற்றுச் சுவிட்சை வெறுநிலையில் வையுங்கள். பெரிய சாதனங்களை அணையுங்கள். எஞ்சினைத் தொடக்கி இரண்டொரு நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு எஞ்சின் பக்கம் மாற்றுங்கள். குளிர்சாதனப் பெட்டியை முதலிலும் மற்றவற்றை ஒவ்வொன்றாகவும் சேருங்கள். பொது மின்சாரம் திரும்பியதை அறிய, மாற்றுச் சுவிட்சுக்கு முன்னே ஒரு சிறு குறிவிளக்கு வைப்பிப்பது நன்று. திரும்பியதும் சாதனங்களை அணைத்து, வெறுநிலைக்கு வந்து, சற்றுப் பொறுத்துப் பொது மின்சாரத்துக்கு மாறுங்கள். எஞ்சினை இறுதியில் நிறுத்துங்கள். இவ்வொழுங்கை ஓர் அட்டையில் எழுதிச் சுவிட்சின் அருகே ஒட்டிவையுங்கள்.

இதுவரை கம்பத்தில் நிற்பவரைப் பற்றிப் பேசினோம். இனி வீட்டுக்குள் உறங்குபவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஞ்சினின் புகையிலே காபனோரொட்சைட்டு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நமது இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதிலும் 200 மடங்குக்கு மேலாக அதனைப் பற்றிக்கொள்கிறது. தலை வலிக்கும், கிறுகிறுக்கும், வாந்தி வரும். காய்ச்சல் என்று எண்ணிப் படுப்பவர் எழுவதில்லை. அமெரிக்காவிலே, கொண்டுசெல்லத்தக்க எஞ்சின்களின் இப்புகையால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 100 பேர் இறப்பதாக அந்நாட்டு நுகர்பொருட் பாதுகாப்பு ஆணைக்குழு கூறுகிறது. வீட்டிலிருந்து 20 அடியாவது அப்பால் வைக்க வேண்டும் என்பது அவர்களது அறிவுரை. நம்மவர் மழைக்கும் திருட்டுக்கும் அஞ்சி எஞ்சினைத் திண்ணையிலோ குசினியிலோ வைக்கிறார்கள். கூரைக்கும் நடுச்சுவருக்கும் இடையே வெளி உள்ள பழைய லயங்களிலே ஓர் அறைப் புகை அடுத்த அறைக்கும் போகும். அங்கு எஞ்சினே இல்லாத குடும்பம் உறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே வெளியிலே, யன்னலுக்கு அப்பால், மேலே தகரம் வைத்து நாற்புறமும் திறந்த ஒரு பந்தலில் வையுங்கள். திருட்டுக்கு அஞ்சினால் சங்கிலியிட்டுப் பூட்டுங்கள். சூடான எஞ்சினிலே பெற்றோல் ஊற்றவேண்டாம். 2022-ஆம் ஆண்டில் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற பழக்கத்தால் இன்னும் கட்டிலின்கீழ்க் கலனில் சேமிப்பவர் உண்டு. அது கட்டிலின்கீழ் நெருப்பைச் சேமிப்பதாகும்.

இன்று கூரையிலே சூரியத் தகடுகள் பதித்தவர் பலர். பொதுக் கம்பியோடு சேர்ந்த அப்பொறிகள், கம்பியில் மின்சாரம் நின்ற கணமே தாமும் நின்றுவிடும்படி அமைக்கப்பட்டவை. கம்பத்தில் ஏறுபவரை எண்ணியே அவ்வாறு அமைத்தார்கள். நமது பெற்றோல் எஞ்சினுக்கு அந்த அறிவில்லை. அதற்கு அறிவாக நாம் பூட்டக்கூடியது மாற்றுச் சுவிட்ச் ஒன்றே.

வாலிபர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நமது ஊரிலும் சுற்றுத் தோட்டங்களிலும் எஞ்சின் உள்ள வீடு எது என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த பருவமழைக்கு முன் இருவர் இருவராக அவ்வீடுகளுக்குச் செல்லுங்கள். இருபுறமும் பிளக் உள்ள வயர் இருந்தால், வீட்டாரின் சம்மதத்தோடு ஒருபுறத்தை வெட்டிவிடுங்கள். கோபிப்பவரிடம் எமது கதையைச் சொல்லுங்கள். எமது பெயரையும் சொல்லுங்கள்.

எமது வீட்டு வயரை நாமே அன்றிரவு வெட்டினோம். அடுத்த மாதம் மாற்றுச் சுவிட்ச் பூட்டுவித்தோம். அதன் பின்பும் எமது வீதியில் கம்பி அறுவதுண்டு. அத்தம்பியோ அவரைப் போன்ற வேறொருவரோ கம்பத்தில் ஏறுவதுமுண்டு. எமது எஞ்சின் அப்பொழுதும் ஓடுகிறது. அவர் டெஸ்டரை வைத்துப் பார்ப்பார், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அவர் பார்க்க மறந்துபோன ஒருநாளிலும் அவர் வீடு திரும்ப வேண்டும். அதற்காகவே அந்தச் சுவிட்ச்.